பெஞ்சுகளைக் கழற்றிய குளிர்காலம்

முதல் பனி விழுந்து கோல்ஃப் மைதானத்தை மூடிய மறுநாள், என் வீட்டுக்காரன் ரெய்னோ எங்கள் சௌனாவின் பெஞ்சுகளைக் கழற்றி விறகுக் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கினான். இதைக் கேட்டு "அதனால் என்ன?" என்கிற ஆள் சுப்பீரியர் ஏரிக்கரையில் பிறந்தவராக இருக்க முடியாது. சரி, அவருக்கும் சொல்லித் தொலைக்கிறேன். சௌனா என்றால் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரக் குடில். உள்ளே ஒரு விறகடுப்பு, அதன் மேல் கற்கள். கல் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி, எழும்புகிற ஆவியில், மேலே அடுக்கடுக்காக இருக்கும் பெஞ்சில் அம்மணமாக உட்கார்ந்து வேர்க்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். அதன் பின் காப்பி, ஏலக்காய் ரொட்டி. பின்லாந்திலிருந்து செம்பு வெட்ட வந்த எங்கள் முன்னோர்கள் குடியிருக்க வீடு கட்டும் முன்பே இதைத்தான் கட்டினார்கள். பெஞ்சு இல்லாத சௌனா வெறும் விறகடுப்பு வைத்த கூண்டு.

"எதுக்குய்யா கழட்டின?" என்று கேட்டேன்.

"மட்டை வீச இடம் வேணும்."

"சௌனாக்குள்ள மட்டையா?"

என்னை ஏதோ எழுதப்படிக்கத் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "கோல்ஃப் மட்டை, ஐலா. வேற எந்த மட்டை?"

இந்தக் கிறுக்கு திடீரென்று பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் கோடை என்பது கொசுவுக்கும் பனிக்கும் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சமாச்சாரம். அந்தக் கொஞ்ச நாளில் ஆண்கள் வியாழக்கிழமைதோறும் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து கோல்ஃப் பந்தயம் ஆடுவார்கள். ரெய்னோவின் ஜோடி வெய்க்கோ. எங்கள் பிள்ளைகள் பால்பல் முளைத்த காலத்திலிருந்து வெய்க்கோதான். இருவரும் சாலைப் பனியைத் தள்ளுகிற ஊராட்சி வண்டி ஓட்டியவர்கள், ஒன்றாகவே ஓய்வு பெற்றவர்கள். ரெய்னோவின் ஆட்டத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அவன் அடித்த பந்து நேராகப் போகிற மாதிரி கிளம்பும், பாதி வழியில் மனசு மாறி வலது பக்கச் சதுப்புக்குள் இறங்கிவிடும். அந்தக் கோடையிலும் இந்த ஜோடிக்குக் கடைசி இடம்தான். கடைசி நாள் பரிசுச் சாப்பாட்டில் பந்தயத்தை நடத்துகிற லெஸ்டர், "வெய்க்கோ, அடுத்த வருஷம் உனக்கு வேற ஜோடி பாத்துரலாமா?" என்று கிண்டலாகக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வெய்க்கோ சிரிக்கவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. உருளைக்கிழங்கைத் தின்றான்.

அந்த உருளைக்கிழங்கு என் புருஷன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "அவன் என்ன விட்டுட்டா வியாழக்கிழமை நான் எங்க போறது?" இவ்வளவு நீளமாக அவன் மனசைத் திறந்து நான் கேட்டதே இல்லை. எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்ததற்குப் பலன் என் தலையிலேயே விடியும் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் வீட்டு நிலவறையில்தான் பழகினான். முதல் வீச்சில் விளக்கு போயிற்று. இரண்டாவதில் வெந்நீர்க் குழாயின் உறை கிழிந்தது. மூன்றாவதற்கு நான் துணி துவைக்கிற இயந்திரத்தின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். அப்போதுதான் அவனுக்கு சௌனா நினைவுக்கு வந்தது. அவன் அப்பா ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். மூன்று அடுக்குப் பெஞ்சு போட்டு, கூரையை நன்றாக உயர்த்திக் கட்டியிருந்தார். பெஞ்சை எடுத்துவிட்டால் மட்டை மேலே இடிக்காது. மகன் கண்டுபிடித்துவிட்டான். ஐயோ, அந்த மூளையை வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கக் கூடாதா!

பெஞ்சு இருந்த இடத்தில் பழைய மீன்வலையைத் தொங்கவிட்டான். வலைக்குப் பின்னால் என் நல்ல கம்பளம். தரையில் பச்சைப் பாய். கைவிரல் விறைத்துப் போகாமல் இருக்க அடுப்பையும் மூட்டிக்கொண்டான். நினைத்துப் பாருங்கள், சௌனாவில் நெருப்பு எரிகிறது, கல் காய்கிறது, உள்ளே ஒரு ஆள் கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கிறான். ஒரு பந்து வலையைத் தாண்டிப் போய் அடுப்புக் கல்லில் பட்டு, திரும்பி வந்து அவன் கணுக்காலையே பதம் பார்த்தது. அடுப்புக்கும் ரோஷம் உண்டு என்று சொல்லிவிட்டு ஐஸ் கட்டி வைத்துக் கட்டினேன்.

கைப்பேசியில் புளோரிடாவில் ஒரு பையன் அரைக்கால் சட்டையோடு வெயிலில் நின்று பாடம் நடத்துவான். அவன்தான் குரு. "இடுப்பு முதல்ல, கை அப்புறம்" என்பது மந்திரம். பனி தள்ளும்போது இடுப்பு முதல்ல, கை அப்புறம். கடையில் வரிசையில் நிற்கும்போது சுருட்டிய செய்தித்தாளோடு இடுப்பு முதல்ல, கை அப்புறம். தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது முன்வரிசைக்காரியின் தொப்பியைத் தட்டிவிட்டான். "என்னய்யா இது?" என்று காதைக் கடித்தேன். "தோள் தானா திரும்புது," என்றான் பெருமையாக. தலையில் அடித்துக்கொண்டேன்.

பெஞ்சு கழற்றிய வாரத்தின் சனிக்கிழமை வழக்கம்போல வெய்க்கோவும் அவன் பெண்டாட்டி செல்மாவும் துண்டுப் பையோடு வந்தார்கள். ஒரு கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கு சௌனா கிடையாது. எங்களுடையதுதான் அவர்களுடையதும். ரெய்னோ சௌனா வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"இந்தக் குளிர்காலம் சௌனா இல்லடா. வசந்தத்துல பாப்போம்."

வெய்க்கோ அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். வலை, பச்சைப் பாய், தொங்குகிற கம்பளம். வெகுநேரம் பார்த்தான். "நல்லா உயரமா இருக்கு," என்றான். பிறகு காய்ந்த துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனான். செல்மா என்னைப் பார்த்தாள், நான் வானத்தைப் பார்த்தேன்.

"பாத்தியா? உயரமா இருக்குன்னு சொல்லிட்டான். அவனுக்கே பிடிச்சுப் போச்சு," என்றான் என் மேதை.

"அடப்பாவி, நீ யாருக்காக இதைப் பண்றேன்னாவது அவன்கிட்டச் சொன்னியா?"

"சொல்லணுமா என்ன? மே மாசம் பாக்கட்டும்."

இங்கே எங்கள் ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உடுப்பு மேலே இருக்கும்வரை அவர்கள் வாயிலிருந்து வானிலையைத் தவிர வேறு எதுவும் வராது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பனி எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், அவ்வளவுதான். உடுப்பைக் கழற்றி மேல் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கரண்டித் தண்ணீர் கல்லில் விழுந்து, முகம் தெரியாத அளவுக்கு ஆவி கிளம்பினால்தான் மனசு திறக்கும். தன் மகன் குடிக்கிறான் என்று வெய்க்கோ சொன்னது அங்கேதான். அப்பா செத்ததற்கு ரெய்னோ அழுததும் அங்கேதான். வெளியே வந்து பனியில் நின்று உடம்பை ஆற்றிக்கொள்ளும்போது மறுபடி வானிலை. இருவருக்கும் ஊரில் பேச இருந்த ஒரே இடத்தைத்தான் இந்த மனுஷன் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றி விறகோடு அடுக்கிவைத்தான்.

நான் குளிர்காலம் முழுக்கக் குளியல் தொட்டியில் ஊறுகாய் மாதிரி ஊறினேன். எலும்புக்குள் போன குளிர் வெளியே வரவே இல்லை. எரிச்சலில் அவன் சாப்பாட்டில் உப்பைக் கூட்டிப் போட்டேன், குறைத்துப் போட்டேன். அவன் எதையும் கவனிக்கவில்லை. தின்றுவிட்டு வீசப் போனான்.

பிப்ரவரியில் செல்மா போன் பண்ணினாள். "அடியே, உடம்பு நாறிப் போயிருக்கும். சனிக்கிழமை மருந்துக் கடை டென்னிஸ் வீட்டுக்கு வா. எல்லாரும் அங்கதான் போறோம்."

டென்னிஸ் ட்ரெவாரோ எங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர். எங்கள் ஆள் இல்லை, இங்கிலாந்தின் கார்ன்வால் வழி வந்தவர். ஏரிக்கரையில் புதிதாக வீடு கட்டி அதில் மின்சார சௌனா வைத்திருக்கிறார். விசையைத் தட்டினால் சூடாகும். உள்ளே ஒரு விளக்கு, ஊதா, பச்சை என்று நிறம் மாறும். ரொட்டி வாட்டுகிற பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், சுகமாகவும் இருந்தது.

பச்சை வெளிச்சத்தில் செல்மா மெல்ல ஆரம்பித்தாள். "ஐலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வர்ற வருஷம் வெய்க்கோ டென்னிஸோட ஜோடி சேரப் போறான். வாக்கு குடுத்துட்டான்."

"ரெய்னோகிட்ட சொன்னானா?"

"எங்க போய்ச் சொல்லுவான்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் தலையில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் சௌனாவுக்குள் சண்டை போடக் கூடாது என்று எங்களுக்குக் குழந்தையிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அது மின்சார சௌனாவுக்கும் பொருந்துமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஏலக்காய் ரொட்டி கூடத் தின்னாமல் வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டேன். ரெய்னோ மட்டையை இறக்கவே இல்லை.

"டென்னிஸா? மாத்திரை எண்ணிப் போடுற டென்னிஸா? அவனுக்கு மட்டைய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது."

"தெரியுதோ தெரியலையோ, வாக்கு குடுத்தாச்சாம்."

"இந்தா பாரு, உனக்குப் பெஞ்சு வேணும். அதுக்குக் கதை கட்டுற."

"நான் கதை கட்டுறேனா? என் நாக்கு அழுகிப் போகட்டும்! போய் அவன்கிட்டயே நேருக்கு நேர் கேளேன்யா!"

கேட்கத்தான் போனான். வெய்க்கோ உறைந்த ஏரியின் மேல் கொட்டகை போட்டு, பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் முழுக்க இருவரும் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் மீனோடு திரும்பி வந்தான்.

"கேட்டியா?"

"கேக்கல. ஆனா அவன் காப்பி குடுத்தான்."

"காப்பி குடுத்தா என்னவாம்?"

"வேற ஜோடி பாத்தவன் எனக்குக் காப்பி குடுப்பானா? சும்மா இரு."

இதற்கு மேல் நான் என்ன செய்ய? மீனைச் சுத்தம் செய்தேன். சௌனாவிலிருந்து பந்து வலையில் விழுகிற சத்தம் தொப் தொப் என்று வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க கோபம் போய் பயம் வந்தது. கைவிட்டுப் போன நண்பனுக்காக ஒருத்தன் இப்படி உயிரை விட்டு உழைக்கிறானே, அந்த நாள் வரும்போது இவனை யார் தாங்கிப் பிடிப்பது?

அந்த நாள் மே மாத முதல் வியாழக்கிழமை. மரத்தடியில் இன்னும் பனித் திட்டு கிடந்தது. தொடக்க நாள் என்றால் பெண்கள் நாங்கள் பாஸ்டி சுட்டு எடுத்துக்கொண்டு போவோம், மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்தது. முதல் பந்து அடிக்கிற மேட்டின் பக்கத்தில் மேசை போட்டு நின்றுகொண்டிருந்தோம். ரெய்னோ விடிந்ததிலிருந்து தயார். மட்டைப் பையைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெய்க்கோவின் வண்டி வருகிற வழியைப் பார்த்து நின்றான். வண்டி வந்தது. வெய்க்கோவின் பக்கத்தில், ரெய்னோ எப்போதும் உட்கார்கிற இடத்தில், டென்னிஸ் புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

ரெய்னோவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பாஸ்டியை எண்ணெய்த்தாளில் சுற்றுவது அப்போது ரொம்ப அவசரமான வேலையாகப் பட்டது.

லெஸ்டர்தான் சமாளித்தான். "ரெய்னோ, உனக்கு ஒரு ஆள் தேடுறேன். இன்னைக்கு இவங்களோட மூணாவதா சேர்ந்து அடி. நீயே முதல்ல போ."

ரெய்னோ மேட்டில் ஏறினான். பந்தை வைத்தான். இடுப்பு முதல்ல, கை அப்புறம். என் உதடும் சேர்ந்து முணுமுணுத்தது என்று பிறகு செல்மா சொன்னாள். மட்டை போய் வந்த வேகத்தில் காற்று கிழிந்தது. பந்து கிளம்பியது. எல்லோரும் பழக்கதோஷத்தில் வலது பக்கச் சதுப்பைப் பார்த்தார்கள். அது அங்கே போகவில்லை. நேராகப் போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, நட்டநடுப் புல்லில் விழுந்து இன்னும் கொஞ்சம் ஓடியது. அந்த மேட்டிலிருந்து அவ்வளவு அழகாக ஒருவரும் அடித்து நான் பார்த்ததில்லை.

"மோசமில்ல," என்றான் லெஸ்டர். எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கல்லறையில்தான் எழுதுவோம்.

அடுத்து டென்னிஸ். அவர் மட்டை பந்தைத் தொடவே இல்லை. இரண்டாம் தடவை தொட்டது, பந்து தவளை மாதிரி இரண்டு துள்ளல் துள்ளி எங்கள் மேசைக் காலடியில் வந்து நின்றது. அவரே சிரித்தார். நல்ல மனுஷன், நான் இல்லையென்று சொல்லவில்லை.

ரெய்னோ பந்தைப் பார்த்தான், டென்னிஸைப் பார்த்தான், வெய்க்கோவைப் பார்த்தான். இத்தனை பேர் நடுவில், உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேட்டுவிட்டான். "ஏண்டா? நான் மோசமா ஆடுறேன்னுதானே என்ன விட்ட? இவர் என்னைவிட மோசமா ஆடுறாரேடா!"

வெய்க்கோ தன் ஷூவைப் பார்த்தான். பனித் திட்டைப் பார்த்தான். "காத்து வடக்க திரும்புது," என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெய்க்கோ! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? காத்து எங்கயோ திரும்பித் தொலையட்டும். அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

செல்மா என் கையைப் பிடித்தாள், உதறினேன். வெய்க்கோவின் காது மடல் சிவந்தது. ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ எப்பவும் மோசமாத்தான் ஆடின, ரெய்னோ. நானும் அப்படித்தான். நீ நல்லா ஆடுறன்னா உன்கூட வந்தேன்? வியாழக்கிழமை தோத்துட்டு, சனிக்கிழமை மேல் பெஞ்சுல உக்காந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அதுக்குத்தான்டா வந்தேன்."

"மே மாசம் திருப்பி மாட்டிருவேன்னு..."

"அந்தச் சனிக்கிழமை டாக்டர்கிட்ட போய்ட்டு நேரா உன் வீட்டுக்குத்தான் வந்தேன். வயித்துல ஒரு கட்டின்னு சொல்லிட்டாங்க. உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். நீ வாசல்ல நின்னு சௌனா இல்லன்ன. துண்டோட திரும்பிப் போனேன்."

ரெய்னோவின் கையிலிருந்து மட்டை நழுவியது. "இப்ப... இப்ப எப்படிடா இருக்கு?"

"மாத்திரைல ஓடுது," என்றான் வெய்க்கோ. பிறகு, மன்னிப்புக் கேட்கிற குரலில், "எல்லாத்தையும் டென்னிஸ் சௌனாவுல அவர்கிட்டச் சொல்லிட்டேன்," என்றான்.

அவர்கள் மூன்று பேரும் புல்லில் இறங்கி நடந்தார்கள். அந்தச் சாயங்காலம் ரெய்னோ அடித்த ஒரு பந்துகூடச் சதுப்புக்குப் போகவில்லையாம். லெஸ்டர் வந்து ஆச்சரியப்பட்டுச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகையிலிருந்து பெஞ்சுகள் வந்தன. வலையைக் கிழித்தெறிந்தான், பச்சைப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டான். நாள் முழுக்க இழைப்புளிச் சத்தமும் சுத்தியல் சத்தமும். ஒத்தாசைக்கு வரட்டுமா என்றால் வேண்டாம் என்றான். சனிக்கிழமை மத்தியானமே அடுப்பை மூட்டினான். நான் ஏலக்காய் ரொட்டி சுட்டேன். ரெய்னோ வெய்க்கோவின் வீட்டுக்குப் போன் பண்ணிச் சௌனா தயார் என்று மட்டும் சொன்னான். செல்மாதான் எடுத்திருக்கிறாள். சொல்கிறேன் என்றாளாம்.

கல் நன்றாகக் காய்ந்துவிட்டது. பெண்கள் முறை, ஆண்கள் முறை என்று பிரிக்க ஆளே இல்லாததால் நாங்கள் இருவருமே உள்ளே போனோம். அப்போதுதான் கவனித்தேன். தரைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில் புதிதாக ஒரு படி இருந்தது. அகலமான படி. பக்கத்துச் சுவரில் பிடித்து ஏற ஒரு மரக் கைப்பிடி, வழவழவென்று இழைத்தது.

"இது எதுக்கு?"

"வயித்துல அறுத்திருப்பாங்க இல்ல? ஏறுறதுக்குக் கஷ்டப்படுவான்."

மேல் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தோம். அவன் ஓரமாக ஒதுங்கி, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான். குளிர்காலம் முழுக்க நான் ஏங்கிய சூடு. தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழும்பி அவன் முகத்தை மறைத்தது.

"நான் அவனுக்காகத்தானே கழட்டினேன், ஐலா," என்றான்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அழுகை வந்தது, அவனுக்கும் எனக்கும். ஏரிக்கரைப் பக்கத்துச் சாலையில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. ரெய்னோ நிமிர்ந்து கதவைப் பார்த்தான். வண்டி நிற்காமல் டென்னிஸ் வீட்டுப் பக்கம் போயிற்று.

"இன்னொரு கரண்டி ஊத்து," என்றான். "கல் ஆறிடப் போகுது."

ஊற்றினேன்.